விருந்தாளிக்கு வைத்த நாற்காலி

போர்த்திக்கொள்ளாமலே போய்ச் சேர்ந்த என் அம்மாவுக்கு,

இதை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். நேரில் சொல்லியிருந்தால், "மெதுவாப் பேசு கண்ணு, பக்கத்து ஊட்டுக்குக் கேக்கும்" என்று என் வாயைப் பொத்தியிருப்பாய். கேட்கட்டும். தலைச்சோலை ஊர் முழுக்கக் கேட்கட்டும். எனக்கு உன் மேல் கோபம், அப்பா மேல் கோபம், நான் படித்த படிப்பின் மேல் அதைவிடக் கோபம்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பதறாதே. போன பனிக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. சேலத்துக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், தேறிவிட்டார். வெறும் தரையில் படுக்கக் கூடாது, நெஞ்சில் குளிர் படக் கூடாது, இன்னொரு தடவை இப்படி வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். உனக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது?

அதனால் என்னோடு சேலத்திலேயே வைத்துக்கொண்டேன். இருந்தார், ஆனால் எப்படி இருந்தார் தெரியுமா? சோபாவின் நுனியில் உட்கார்ந்திருப்பார். விடிவதற்கு முன்பே படுக்கையை மடித்து மூலையில் வைத்துவிடுவார். தாகம் எடுத்தால் உன் மாப்பிள்ளையிடம், "ஏனுங்க, கொஞ்சம் தண்ணி கெடைக்குமுங்களா?" என்று கேட்பார். பெற்ற மகள் வீட்டில்! ஒரு நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு, "எல்லாம் நொம்ப சௌரியமா இருந்துதுங்க, போயிட்டு வர்றனுங்க" என்று அவரைக் கும்பிட்டுவிட்டு ஏற்காடு பஸ் ஏறிவிட்டார்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீ ஊரில் யாருக்கும் விளங்கச் சொன்னதே இல்லை. "காலேஜில டீச்சரு" என்று முடித்துக்கொள்வாய். இப்போதாவது கேட்டுக்கொள். மனுஷனுக்கு எது சௌகரியம் என்று ஆராய்வதுதான் என் வேலை. ஒரே படிப்பில் அது அடங்காது என்பதால் ஒரு குழுவாகச் சேர்ந்து செய்கிறோம். கட்டடக்கலை படித்த நான், ஏசி இன்ஜினியர் ஒருவர், முதுகுவலி பார்க்கும் பிசியோ ஒருவர், ஜவுளி படித்த டீச்சர் ஒருவர், மனநலம் படித்தவர் ஒருவர்.

இன்ஜினியருக்குச் சௌகரியம் என்றால் இத்தனை டிகிரி. பிசியோவுக்கு முதுகெலும்பின் வளைவு. ஜவுளி டீச்சருக்கு உடம்பை உறுத்தாத நூல். மனநலக்காரர், "பயமில்லாம இருக்கறதுதான் சௌகரியம்" என்பார்; அதை எதை வைத்து அளப்பது என்று மற்றவர்கள் அவர் மேல் பாய்வார்கள். நாங்கள் கூடுகிற அறையில் ஏசி போடுவதா ஃபேன் போடுவதா என்ற சண்டையிலேயே பாதிப் பொழுது போய்விடும். ஒரே ஒரு விஷயத்தில்தான் எல்லோருக்கும் ஒப்புதல். கேட்டுப் பார்த்து யாரும் குறை சொல்லாவிட்டால் அது சௌகரியம் என்று எடுத்துக்கொள்வோம்.

அப்பா ஊருக்குத் திரும்பியதும் இவர்களிடம்தான் புலம்பினேன். நல்ல மனுஷர்கள் அம்மா, ஆளுக்கொரு பக்கமாக உதவிக்கு வந்தார்கள். இன்ஜினியர் ஒரு ஹீட்டரைத் தன் காரில் வைத்துக்கொண்டு மலை ஏறினார். டீச்சர் நல்ல மெத்தையாகத் தேடிக் கொடுத்தார். பிசியோ தானே அளவு போட்டு, ஆசாரியை வைத்து ஒரு சாய்வு நாற்காலி செய்துகொண்டு வந்தார். மனநலக்காரர் வெறுங்கையோடு வந்து அப்பாவோடு காபித் தோட்டத்தைச் சுற்றி நடந்துவிட்டுப் போனார்.

அப்பா எல்லோருக்கும் காபி கொடுத்தார், பழம் கொடுத்தார், திரும்பும்போது பையில் மிளகு போட்டுக் கொடுத்தார். "எப்படிங்கய்யா இருக்கு?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "நொம்ப சௌரியமுங்க." எங்கள் குழுவில் எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு ஆள் விஷயத்தில் இத்தனை துறைகளும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு நான் போன் பண்ணிவிட்டுப் போகும்போதெல்லாம் வீடு கதகதப்பாக இருக்கும். மெத்தை விரித்திருக்கும். நாற்காலி ஹீட்டருக்குப் பக்கத்தில் தயாராக இருக்கும். "உக்காரு கண்ணு" என்பார். நானும் உட்கார்ந்து காபி குடிப்பேன். திரும்பி வரும்போது இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கும். கொண்டை ஊசி வளைவில் பஸ் ஆட்டிய ஆட்டம் என்று நினைத்துக்கொள்வேன். நாற்காலி எப்படி என்று பிசியோ கேட்டால், "அருமையா இருக்கு சார்" என்பேன்.

போன வாரம் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு அக்கா போன் பண்ணினாள். "உங்கப்பனுக்கு மறுக்கா இருமலு கண்ணு. கேட்டா ஒண்ணுமில்லீங்கறாரு. நீயே வந்து பாரு." கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, அப்பாவுக்குச் சொல்லாமல் பஸ் ஏறினேன். அவர் காபிப் பழம் பறிக்கப் போயிருந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

வீடு ஐஸ் மாதிரி இருந்தது. ஹீட்டர் அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாகப் பரண் மேல். மெத்தை சுருட்டி, மேலே துணி சுற்றிக் கட்டிச் சுவரோரம். நாற்காலிக்குத் தூசி படாமல் பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருந்தது. கதவுச் சந்தில் காற்று வீசுகிற இடத்தில், அதே பழைய பாய். அதன் மேல் இத்துப்போன உன் சேலை ஒன்று. அதைத்தான் போர்த்திக்கொண்டு படுக்கிறார்.

அக்காவிடம் போய்க் கத்தினேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "உனக்குத் தெரியாதா கண்ணு? நீ வர்றதா போன் வந்தாப் போதும். ஒடனே நாக்காலியத் தொடைப்பாரு, மெத்தைய விரிப்பாரு. நீ பஸ் ஏறுனதும் மறுக்கா எல்லாத்தையும் கட்டி வெச்சுருவாரு. கேட்டா, 'நல்ல சாமான், வர்றவங்களுக்கு ஆவும்'பாரு."

வர்றவங்க! நான்தான் அம்மா அந்த வர்றவங்க. என் குழு இத்தனை பாடுபட்டு அப்பாவுக்குச் சௌகரியம் பண்ணிக் கொடுத்தது என்று நினைத்தேனே, அவ்வளவும் எனக்குத்தான் நடந்திருக்கிறது. அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சௌகரியத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறவளுக்கு இதுகூடவா கண்ணில் படவில்லை?

அந்த ஆத்திரத்தோடு பீரோவைத் திறந்தேன். என் முதல் சம்பளத்தில் உனக்கு வாங்கிய கம்பளி அங்கேயே இருந்தது. கடைக் கவரைக்கூடப் பிரிக்காமல், பாச்சை உருண்டை போட்டு. நீ போன மறுநாள் அதை முதலில் பார்த்தபோது எனக்கு அழுகைகூட வரவில்லை, உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. இருமி இருமி நீ சுருண்டு கிடந்த பாயிலிருந்து அந்த பீரோ கைக்கு எட்டும் தூரம். அந்தக் கம்பளி உன்னைக் காப்பாற்றியிருக்கும் என்று டாக்டர் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் யாருக்காக அம்மா அதை எடுத்து வைத்தாய்? நாங்கள் யாராவது கேட்டோமா?

கவரைக் கிழித்தேன். ஹீட்டரை இறக்கி மாட்டினேன். மெத்தையை விரித்து, நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, காபி கலந்து வைத்தேன். அப்பா பழ மூட்டையோடு வருவது தெரிந்ததும் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

"வாங்க, வாங்க! உள்ள வாங்க!"

அப்பா திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். "யாரு கண்ணு வந்திருக்கறாங்க?"

"நீங்கதான் வந்திருக்கறீங்க. கால் கழுவீட்டு வந்து உக்காருங்க."

"வெளையாடாத சாமி. போன் பண்ணாம வந்துட்டயே, நான் ஒண்ணுமே எடுத்து வெக்குலியே..."

"வந்த எடத்துல உக்காரச் சொன்னா உக்காரணுமுங்க. மாட்டேன்னா ஊட்டுக்காரங்க மனசு நொந்துரும். நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க."

விருந்து முறையை மீற அவருக்குத் தெரியாது, அது உனக்கே தெரியும். மூட்டையை இறக்கினார், கால் கழுவினார், உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "நல்லாச் சாஞ்சு உக்காருங்க" என்றேன். சாய்ந்தார். கம்பளியை எடுத்து நெஞ்சுவரை போர்த்தினேன். அவர் கை அதைத் தடவிப் பார்த்தது.

"இது உங்கம்மாளுது. வர்றவங்களுக்குன்னு எடுத்து வெச்சிருந்தா."

"அதான் வந்திருக்கறீங்களே."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். காபியைக் கையில் கொடுத்து, "சௌரியமா இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"நொம்ப சௌரியமுங்க."

என்னிடம், அம்மா. என்னிடமே 'ங்க' போட்டு. சமையல்கட்டுக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதேன். இன்ஜினியரிடம் சொன்ன அதே பதில், பிசியோவிடம் சொன்ன அதே பதில். இந்த மனுஷனுக்குக் குளிருகிறதா, வலிக்கிறதா, பிடித்திருக்கிறதா என்று இனி எனக்கு எப்படித் தெரியும்? நீ இருந்தபோது உன்னிடம் எத்தனை குறை சொல்வார்! உப்புப் பத்தவில்லை, வெந்நீர் ஆறிப்போச்சு, வேட்டியில் கறை போகவில்லை என்று பொழுதுக்கும் உன்னைப் பிடுங்கி எடுப்பார். நீயும் விடாமல் வாய் கொடுப்பாய். நீ போன பிறகு அந்த வீட்டில் ஒரு குறையும் கேட்கவில்லை. அதை நான் நல்லபடியாகவே எடுத்துக்கொண்டேன்.

அப்போது நாற்காலிப் பக்கமிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஏங் கண்ணு, இதுல முதுவே நிக்க மாட்டீங்குது. இடுப்புல குத்துது. எந்த மடையன் செஞ்சான் இத?"

நான் வாயிலிருந்து தலைப்பை எடுத்தேன்.

"கம்பளி வேற கழுத்துல அறுக்குது. காப்பியில சக்கரை போட்டியா இல்லியா? உங்கம்மாளாட்டவே நீயும் கையச் சுருக்கற!"

சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். எனக்கும் அங்கேதான் குத்துகிறது என்று சொன்னேன். "பொறவு ஏன் வாயத் தொறக்காம உக்காந்திருந்த?" என்று திட்டினார். நானும் திட்டினேன். இருமலுக்கு நடுவே திட்டிக்கொண்டே காபியைக் குடித்து முடித்து, கம்பளியைத் தள்ளாமல் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். மறுநாள் ஏற்காட்டில் டாக்டரிடம் காட்டினேன். இந்தத் தடவை நெஞ்சுக்கு இறங்கவில்லை, இனிமேலாவது கவனமாக இருங்கள் என்றார்.

பிசியோவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். முகம் வாடிவிட்டது, ஆனாலும் ஆசாரியோடு வந்து சரிபண்ணுகிறேன் என்றார். இந்தப் பனி தீரும்வரை நான் மலையிலிருந்துதான் காலேஜுக்குப் போய் வருவேன். அப்பாவோடு பொழுது விடிந்தால் சண்டைதான். உனக்கு ஒன்று உறுதியாகச் சொல்கிறேன். உன் கம்பளி இனி பீரோவுக்குள் போகாது. இழை இழையாக நைந்து கிழியும்வரை அப்பாவைப் போர்த்திக்கொள்ள வைப்பேன். கழுத்தில் அறுக்கிறது என்று அவர் தினமும் என்னைத் திட்டட்டும்.

நம் ஊட்டுக்கு இனி விருந்தாளியாக வராத உன் மகள்,
பூங்கொடி