ஊறுகாய்ப் போத்தலில் இருந்த ஈயக் குண்டுகள்

என் அன்பு அப்பாவுக்கு,

முதலில் ஒரு செய்தி. என் வலது தோளில் இப்போது நீலம் இல்லை. புத்தகப் பையைப் பழையபடி அந்தத் தோளிலேயே மாட்டுகிறேன்.

இந்தக் கடிதம் எங்கள் தமிழ்ப் பள்ளி மலரில் வரப்போகிறது. ஆகவே உங்களுக்குத் தெரிந்த சிலவற்றையும் மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். லண்டன் வால்தம்ஸ்டோவில் பஸ் ஓட்டுகிற ஒருவர் மான் வேட்டைக்குப் போவார் என்றால் என் வகுப்பில் யாரும் நம்புவதில்லை. டூட்டிங்கில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் உங்கள் நண்பர் பாலா மாமாவுக்கு, எசெக்ஸில் ஒரு பண்ணையில் மான் சுட அனுமதி இருக்கிறது. அவரோடு நீங்கள் போவீர்கள். பதினான்கு வயதானதும் நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். பொலிஸ் அனுமதிக்கான படிவத்தில் அம்மா வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். வாசித்தால் போடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே போட்டார்.

முதல் நாள் நினைவிருக்கிறதா? கடையில் வாங்கிய தோட்டாவைச் சுட்டேன். துப்பாக்கி உதைத்த உதையில் தோள் நீலமாகக் கன்றிப்போனது. அதைவிட மோசம், அதன்பின் விசையை அழுத்தும்போதெல்லாம் என் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. மான் மேல் குறிவைத்துவிட்டுக் கண்ணை மூடுகிறவள் காயப்பட்ட மானைத்தான் காட்டுக்குள் ஓடவிடுவாள்.

திரும்பி வரும் வழியில் நீங்கள் "பயப்படாதை" என்று சொல்லவில்லை. "வெடிக்க முன்னமோ கண்ணை மூடுறாய், வெடிச்ச பிறகோ?" என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். "எனக்கும் தெரியாது. பாப்பம்" என்றீர்கள். அந்தப் "பாப்பம்" எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிறகு தோட்டக் கொட்டிலில் ஈயம் உருகத் தொடங்கியது. புகை கூடாது என்று என்னை உள்ளே விடவில்லை. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். உருகிய ஈயத்தை அச்சில் வார்த்து, ஆறிய குண்டுகளை அம்மாவின் பழைய ஊறுகாய்ப் போத்தலில் போட்டு வைப்பீர்கள். கொஞ்ச வெடிமருந்தோடு மெதுவாகப் போகும் குண்டு, ஆகவே உதையும் கொஞ்சம். மானுக்கு அதைப் பயன்படுத்த இங்கே சட்டம் விடாது. அதற்குக் கடைத் தோட்டாதான் வேண்டும். உங்களுடையது காகிதக் குறிக்கு மட்டும். தோளுக்கு முதலில் பயம் போகட்டும், பிறகு மானைப் பற்றி யோசிப்போம் என்றீர்கள்.

உங்கள் குறிப்புப் புத்தகத்தை இப்போதுதான் முழுவதும் வாசித்தேன். மருந்தின் அளவை மாற்றி மாற்றி, ஒன்றாம் கலவை, இரண்டாம் கலவை என்று வரிசையாக இருக்கிறது. குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று நீங்கள் எங்குமே அளந்திருக்கவில்லை. என் முகத்தைத்தான் அளந்திருக்கிறீர்கள். "ஆரணி மூன்று தரமும் கண் மூடினாள்." "இரண்டு தரம் மூடினாள்." "ஒரு தரம். அது தும்மல், சேர்க்கவில்லை." ஒன்பதாம் கலவைக்கு எதிரே ஒன்றும் இல்லை. அதைச் சுட்டுப் பார்க்குமுன் ஐப்பசியில் நீங்கள் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள்.

தை பிறந்த பிறகு பாலா மாமாவிடம் புத்தகத்தைக் காட்டினேன். துப்பாக்கியும் இப்போது அவருடைய இரும்புப் பெட்டியில்தான் இருக்கிறது. அவர் கடையில் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் சோசர் ஒன்றை மேசையில் வைத்தார்.

"மருமோள், பங்குனியோடை பெண்மான் சீசன் முடியுது. அதுக்குள்ளை அஞ்சு வெடியும் இந்தச் சோசருக்குள்ளை விழவேணும். விழாட்டி இந்த வருசம் மான் இல்லை. அழுதாலும் இல்லை."

"அழமாட்டன் மாமா."

"கொப்பரும் உப்பிடித்தான் சொல்லுவார். பிறகு என்ரை கடைக்குப் பின்னாலை நிண்டு அழுவார்."

நீங்கள் எதற்கு அழுதீர்கள்? நான் கேட்டபோது அவர் சோசரைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

நீங்கள் போத்தலில் விட்டுப்போன குண்டுகளில் பத்தை எடுத்து, ஒன்பதாம் கலவையை நீங்கள் எழுதியபடியே அவர் தோட்டாக்களில் நிரப்பினார். மாசியில் பண்ணை மணல்மேட்டின் முன் படுத்து, பத்து வெடி வைத்தேன். உதை உண்மையிலேயே மெல்லியது, யாரோ தோளைத் தட்டிக் கூப்பிடுவதுபோல. ஆனால் குண்டுகளோ காகிதம் முழுவதும் சிதறிக் கிடந்தன. சோசர் என்ன, சாப்பாட்டுத் தட்டாலும் மூடியிருக்க ஏலாது. நான்தான் கண்ணை மூடியிருக்கிறேன் என்று நினைத்தேன். ஆனாலும் அழவில்லை.

பாலா மாமா முதுகைத் திருப்பிக்கொண்டு, என்ன போடுகிறார் என்று காட்டாமல் துப்பாக்கியை நிரப்பித் தந்தார். விசையை அழுத்தினேன். "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும்தான். மருந்தில்லாத வெற்றுத் தோட்டா. பயந்தவள் என்றால் வெடிக்காத துப்பாக்கியையும் ஒரு குலுக்குக் குலுக்குவாளாம். என் துப்பாக்கி அசையவில்லை.

"பிழை உன்னிலை இல்லை பிள்ளை."

"அப்ப எதிலை மாமா?"

"என்னைக் கேட்டா? நான் ஆட்டை வெட்டுறவன். கொப்பர்தான் விஞ்ஞானி. நான் கடைக் குண்டைத் தவிர வேறை ஒண்டையும் சுட்டதில்லை."

குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தோம். சுவரெல்லாம் சாம்பல் நிறக் கோடுகள். ஈயம் உரசி ஒட்டியிருந்தது. உங்கள் எட்டுக் கலவைகளில் ஒன்றுகூட அப்படிச் செய்ததில்லையே. ஒன்பதில் மட்டும் ஏன்? மருந்தா? ஈயமா? குளிரா? வீடு வரும்வரை இதே யோசனை. வந்ததும் மிஞ்சிய பதினைந்து குண்டுகளும் கிடந்த போத்தலைத் திறந்தேன். பார்த்ததும் தெரியவில்லை, முகர்ந்தபோதுதான் தெரிந்தது. நீங்கள் கொட்டிலிலிருந்து வரும்போது உங்கள் சட்டையில் ஒரு தேன்மெழுகு மணம் இருக்குமே, அது போத்தலில் இல்லை. எலுமிச்சைதான் மணத்தது. குண்டுகள் பளபளவென்று இருந்தன.

"அம்மா, கொட்டிலுக்குள்ளை இருந்த ஊறுகாய்ப் போத்தலை ஆரும் தொட்டதோ?"

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அம்மா திரும்பவில்லை. "ஏன் கேக்கிறாய்?"

"சும்மா."

"நீ சும்மா கேக்கிற பிள்ளையே? நான்தான் கழுவினனான். அப்பான்ரை முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிய வீடு முழுக்கக் கழுவேக்கை அதையும் எலுமிச்சைச் சோப் போட்டுக் கழுவினனான். ஒரே பிசுக்கு."

"அது பிசுக்கில்லை அம்மா. மெழுகு."

"குண்டுக்கு ஏன் மெழுகு? அப்பா என்ன, கோயிலுக்கோ கொளுத்தச் செய்தவர்?"

குண்டைச் சுற்றியுள்ள பள்ளங்களில் மெழுகு இருந்தால்தான் ஈயம் குழலில் உரசாது என்று சொன்னேன். அதுவும் கொஞ்சம் ஊகம்தான். புத்தகத்தில் மெழுகைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. உங்களுக்கு அது சொல்லவே தேவையில்லாத விஷயமா?

அம்மா கத்தியை வைத்துவிட்டார். "அப்ப அவர் செய்து வைச்சதை நான் கெடுத்துப்போட்டனோ?" என்றார். பிறகு, "பழைய பல்லுப் பிரஷாலை ஒவ்வொண்டாத் தேய்ச்சனான்" என்று மெதுவாகச் சொன்னார்.

அப்பா, உங்களுக்குத் தெரியும். தீபாவளிக்குத் தெருவில் வெடி கேட்டால் அம்மா டிவிச் சத்தத்தைக் கூட்டிவைப்பார். ஊரில் யுத்தம் நடந்தபோது எந்தச் சத்தத்துக்கு யார் ஓடினார்கள் என்று நான் கேட்டால் பேச்சை மாற்றுவார். அப்படிப்பட்டவர் குளிரும் கொட்டிலில் இருந்து, இருபத்தைந்து துப்பாக்கிக் குண்டுகளைக் கையில் எடுத்துத் தேய்த்திருக்கிறார். அவை உங்கள் கை பட்டவை என்பதாலா? இதையும் கேட்டேன். வெங்காயத்தைப் பார்க்கச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு, உங்கள் பிஸ்கட் தகரத்திலிருந்த மெழுகுக் கட்டியை அம்மாவே உருக்கினார். கொட்டிலில்தான், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கையுறையோடு. பழைய தட்டில் குண்டுகளை மோதகம் அடுக்குகிற கவனத்தோடு நிறுத்தி வைத்தார். மெழுகை ஊற்றி ஆறவிட்டு, ஒவ்வொன்றாக வெளியே தள்ளி எடுத்தோம். கொட்டில் உங்கள் சட்டைபோல மணத்தது.

பங்குனிச் சனிக்கிழமை அம்மாவும் பண்ணைக்கு வந்தார். நான் கூப்பிடவில்லை. "கழுவிக் கெடுத்தது நான். சரிவந்ததோ எண்டு நான் பாக்க வேண்டாமோ?" என்றார். பெரிய காதுமூடியை மாட்டிக்கொண்டு எனக்குப் பின்பக்கம் நின்றார். என் கண்களை மட்டும் பார்க்கும்படி அவரிடம் கேட்டிருந்தேன். உங்கள் புத்தகத்தின் அந்த வெற்று வரியை நானே நிரப்ப முடியாதல்லவா?

பாலா மாமா குழலில் ஒட்டிய ஈயத்தைத் தேய்த்து எடுத்து, மெழுகிட்ட குண்டுகளை நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். ஐந்து வெடி. பாலா மாமா காகிதத்தைக் கொண்டுவந்து சோசரைக் கவிழ்த்தார். ஒரு துளை வெளியே எட்டிப் பார்த்தது. கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார். ஐந்தும் மறைந்தன.

"கள்ளம்" என்றார் அம்மா.

"தங்கச்சி, சோசர் என்ரை. நகர்த்துறதும் நான்தான்."

"அம்மா, என்ரை கண்?"

அம்மா காதுமூடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாது பிள்ளை."

"பாக்கச் சொன்னனானெல்லே!"

பாலா மாமா சிரித்தார். "அவ என்னத்தைப் பாக்கிறது? தன்ரை கண்ணையெல்லோ இறுக்கி மூடிக்கொண்டு நிண்டவ. நான் பாத்தனான். நீ மூடேல்லை."

"அஞ்சாவதுக்கு ஒரு கண்ணைத் திறந்தனான்" என்றார் அம்மா.

அன்றே காருக்குள் வைத்து எழுதிவிட்டேன். உங்கள் கையெழுத்துக்குக் கீழே என் எழுத்து கொஞ்சம் சரிவாகத்தான் இருக்கிறது. "ஒன்பதாம் கலவை: ஆரணி மூடவில்லை. அம்மா மூடினார். ஐந்தாவதில் ஒரு கண் திறந்தார்."

வரும் சனிக்கிழமை மானுக்குப் போகிறோம். அன்றைக்குக் கடைத் தோட்டா, பழைய உதை. கண் மூடுமா? எனக்குத் தெரியாது. பாப்பம். மனம் உறுதியில்லாவிட்டால் சுடாமல் திரும்பி வருவேன்.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். நீங்கள் செய்வதுபோலவே மணல்மேட்டைக் கிண்டி, அந்த ஐந்து குண்டுகளின் ஈயத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன். பாலா மாமா உருக்கித் தருவார். நான் கண்ணாடிக்கு வெளியே நிற்பேன். பத்தாம் கலவை இன்னும் மெல்லியதாக, சத்தமும் குறைந்ததாக இருக்கும். அம்மாவின் இரண்டு கண்ணும் திறந்திருக்கும்வரை இந்தப் பட்டியலை நிறுத்தமாட்டேன். மெழுகைப் பற்றியும் மறக்காமல் எழுதி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தும்மலைக் கணக்கில் சேர்க்காத அப்பாவின் ஒரே மகள்,
ஆரணி