இழுப்பறையில் எண்பத்து நான்கு

மே 6, செவ்வாய்
ஆறு நிமிட நடைச் சோதனை. யோசெலினுக்கு ஏழு வயது. பிறந்ததும் மூடியிருக்க வேண்டிய இதயக் குழாய் மூடாமலே இருந்தது. பொலிவியாவில் எங்கள் எல் ஆல்ட்டோ நகரம் இருக்கும் நாலாயிரம் மீட்டர் உயரத்தில் இது சகஜம். பிப்ரவரியில் ஆபரேஷன் செய்து மூடியாயிற்று. ஸ்கேனில் குறையே இல்லை. ஆனால் நடக்கச் சொன்னால், அவளுக்கு ஆபரேஷன் நடந்த பழைய அறையின் வாசலில் நின்றுவிடுகிறாள். மூச்சு வாங்கவில்லை, உதடு நீலம் பூக்கவில்லை.
"ஏண்டி நின்னுட்ட?"
"நான் இன்னும் வெளிய வரல."
பயிற்சிக்கு வரும் இன்னொரு பையன் பிராயன் பின்னாலிருந்து கத்தினான்: "டாக்டரம்மா, இந்த நத்தைக்காக நாங்கல்லாம் காத்துக் கிடக்கணுமா?" நான் டாக்டர் இல்லை, பயிற்சி கொடுக்கிறவள். யார் கேட்கிறார்கள்!

மே 8, வியாழன்
குழந்தைகள் நெஞ்சில் கட்டிக்கொள்ளும் நாடித்துடிப்புப் பட்டைகள் மொத்தம் ஐந்து. இன்று வந்தது நான்கு பேர். திரையில் ஐந்து கோடுகள். இழுப்பறையில் கிடந்த பட்டை 84 காட்டியது. பேட்டரியைக் கழற்றினேன்.
84.

மே 9, வெள்ளி
யோசெலினின் அம்மா பாஸ்குவாலாவிடம் உள்ளதைச் சொன்னேன். இந்த மாதத்துக்குள் ஆறு நிமிடம் நடக்காவிட்டால் பயிற்சியில் அவள் இடம் வேறு குழந்தைக்குப் போய்விடும். உட்கார்ந்தே வளர்ந்தால் சரிசெய்த இதயத்துக்கும் வலு வராது.
"மயக்க ஊசி போட்டப்ப பயந்துட்டா. அவ அஹாயு, அவ உயிரு, அந்த ரூம்லயே நின்னுடுச்சு. செவ்வாய்க்கிழமை கூப்பிட்டா வந்துரும். ஒரே ஒரு தடவை விடுங்க டாக்டரம்மா."
சின்ன வயதில் நாய் துரத்தி நான் பயந்தபோது, அந்தத் தெருவிலேயே என் சட்டையை வீசி என் உயிரைக் கூப்பிட்டார்கள். டைரக்டருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். சரி என்றேன்.

மே 13, செவ்வாய்
மாலை நான்கு மணி. ஆபரேஷன் நாளில் போட்டிருந்த சிவப்பு ஸ்வெட்டரைக் கதவு முன்னால் வீசி, சின்ன மணியை ஆட்டினாள் பாஸ்குவாலா. "யோசெலின், வாம்மா. வீட்டுக்குப் போலாம். இங்க நிக்காத."
மூன்றாம் முறை கூப்பிட்டபோது உள்ளே வெறுங்கால் ஓடும் சத்தம். அந்த அறை ஒரு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. சாவி என் பையில்.
உடனே பாஸ்குவாலா ஸ்வெட்டரைக் குழந்தைக்கு மாட்டினாள். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பசிக்குது" என்றாள்.

மே 15, வியாழன்
ஆறு நிமிடம்! நிற்கவே இல்லை. 430 மீட்டர். பாஸ்குவாலா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும்தான். கிளம்பும்போது குழந்தை கேட்டாள்: "அப்பா படகைக் கரையில இழுத்துப் போட்டுட்டாரா?"
"படகா! ஒங்கப்பன் ஓட்டுறது மினிபஸ்ஸுடி!" எல்லோரும் சிரித்தோம்.
திரையை அணைக்கப் போனேன். இழுப்பறைப் பட்டை இன்னும் 84.

மே 16, வெள்ளி
பதிவேட்டைப் பார்த்தேன். பிப்ரவரியில் ஒரே வாரத்தில் இரண்டு யோசெலின்கள் அந்த அறைக்குள் போயிருக்கிறார்கள். இரண்டாமவளுக்கும் ஏழு வயது. தித்திகாகா ஏரிக்கரை. தந்தை மீனவர். அவள் கண் விழிக்கவே இல்லை.
பாஸ்குவாலா பெயரை மட்டும்தானே சொல்லிக் கூப்பிட்டாள்? முழுப் பெயரையும் சொல்லுன்னு எனக்கு ஏன் தோணல? ஐயோ — என்ன பண்ணிட்டோம் நாங்க?

மே 19, திங்கள்
சந்தையில் ஒரு மணி வாங்கிப் பையில் வைத்தேன். நாளை செவ்வாய். அப்பா வழி, அம்மா வழி இரண்டு குடும்பப் பெயரும் சேர்த்து பாஸ்குவாலாவின் மகளை நானே கூப்பிடுவேன்.
பயிற்சி முடிந்ததும் குழந்தை என் பையையே பார்த்தாள். நான் அதைத் திறக்கவே இல்லை.
"அத அடிக்காதீங்க டாக்டரம்மா. அந்த ரூம் உள்ள ரொம்பக் குளிரு." பிறகு மெதுவாக, "இந்த அம்மா நல்லவங்க" என்றாள்.

மே 20, செவ்வாய்
460 மீட்டர். பாஸ்குவாலா வெயிலில் உட்கார்ந்து அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.
மணியை அடிக்காமலே இழுப்பறையில் அந்தப் பட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். திரும்பித் திரையைப் பார்த்தால் 84 இல்லை. 140. ஓடுகிற குழந்தைக்கு அந்த எண் வரும். பயந்துபோன குழந்தைக்கும் வரும்.