கத்தி காத்திருக்கும் நேரம்

1 ஆகஸ்ட் 2005
நாரணாபுரம் அச்சகத்தில் புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கிவிட்டது. காலண்டர் அட்டை வெட்டும் மெஷினை இனி இதுதான் ஓட்டுமாம். முதலாளிக்கு வாயெல்லாம் பல். எனக்குத்தான் பயம். மெஷினை ஓட்டும் டிரைவர் புரோகிராம் எனக்கு முன்னால் இங்கே கம்ப்யூட்டர் வேலை பார்த்த புகழேந்தி எழுதியது. பெடலை மிதித்தால் மணி அடிக்கும், கொஞ்சம் பொறுத்துத்தான் கத்தி இறங்கும். அந்தப் பொறுத்தலுக்காகக் கம்ப்யூட்டரைச் சும்மா ஒன்று, இரண்டு என்று எண்ண விட்டிருக்கிறான். பழைய பெட்டி மெதுவாக எண்ணும். புதுசு? கண் இமைப்பதற்குள் எண்ணி முடித்துவிடுமே!

2 ஆகஸ்ட்
முதலாளியிடம் சொன்னேன். "எண்ணுறதத் தூக்கிட்டு, கடிகாரத்தப் பாத்து நிக்கிற மாதிரி எழுதணும் மொதலாளி. அப்பத்தான் எந்தப் பெட்டியில போட்டாலும் ஒரே நேரம் நிக்கும். ரெண்டு நாள் குடுங்க."
"நாளைக்கு ஆடிப் பதினெட்டுல்ல? புதுக் காலண்டர் ஆல்பம், புதுப் பெட்டி, எல்லாம் நாளைக்குத்தான். அபசகுனமாப் பேசாதலே."
எரிச்சல். என் இடத்துக்கு வந்ததும் புதுப் புரோகிராமை எழுதத் தொடங்கிவிட்டேன்.

3 ஆகஸ்ட்
முடிக்க முடியவில்லை.
ராகு காலத்துக்கு முன்னால் ஓட்டியாக வேண்டும் என்று அவசர அவசரமாகப் பூசணிக்காய் உடைத்தார்கள். ஒரு தடவை ஆள் இல்லாமல் ஓட்டிப் பார்க்கலாம் என்று முதலாளியிடம் கெஞ்சினேன். "நல்ல நேரத்துல வெறும் மெஷினையா ஓட்டுவாக? மொத வெட்டு ஆர்டர் அட்டைதான்." கைராசிக்காரி என்று, அட்டை வெட்டும் வெள்ளைத்தாய் அக்காவை மெஷின் முன்னால் நிறுத்தினார்கள். பெடலை மிதித்துவிட்டு, மணி அடிக்கும்போது இடது கையால் அட்டைக் கட்டைக் கடைசியாக ஒரு தட்டுத் தட்டிச் சீராக்குவார். இங்கே வெட்டுகிறவர்கள் எல்லாருமே அப்படித்தான்.
கத்தி பொறுக்கவில்லை.
நாலு விரல். ஐயோ, மெஷினுக்குப் போகிற வயரைப் பிடுங்கி எறிந்திருக்கலாமே நான்! ஏன் மரம் மாதிரி நின்றேன்?

4 ஆகஸ்ட்
புதுப் புரோகிராமை முடித்து, பழையதை அழித்துவிட்டு ஏற்றினேன். அடுத்து நிற்கிறவளுக்காவது கை மிஞ்சட்டும்.

6 ஆகஸ்ட்
விசாரணைக்கு அதிகாரி வந்தார். மெஷினை ஓட்டச் சொன்னார். மணி அடித்தது. கத்தி நிதானமாக இறங்கியது.
"நல்லாத்தானே ஓடுது?"
விபத்துக்குப் பிறகு நான் மாற்றினேன் என்றேன். பழையதைக் காட்டச் சொன்னார். அது மிச்சமிருந்தது பழைய பெட்டியில் மட்டும்தான். மெஷினை அதில் மாட்டி ஓட்டினேன். பாவி, அங்கே அதுவும் ஒழுங்காகப் பொறுத்தது!
இதையே புதுப் பெட்டியில் ஏற்றிக் காட்டுகிறேன் என்றேன். "இன்னொரு காவு கேக்குதாலே ஒனக்கு?" என்று முதலாளி வழிமறித்தார். தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு அதிகாரி போய்விட்டார். அதைக் காட்டி, அக்காவுக்கு நட்டஈடு இல்லை என்றுவிட்டார் முதலாளி. அவரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன்.

7 ஆகஸ்ட்
வேலை போயிற்று. போகட்டும்.

16 ஆகஸ்ட்
அக்காவை வீட்டில் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். "வாங்க தம்பி, சாப்பிட்டீகளா?"
எல்லாவற்றையும் சொன்னேன். "ஒங்க மேல தப்பே இல்லக்கா. அந்தப் பெட்டிதான் முந்திருச்சு."
"அம்புட்டுப் பேரும் நாந்தான் அசந்துட்டேங்காக. அசந்துதான் இருப்பேன் தம்பி." பிறகு கேட்டார்: "இப்ப அது பொறுக்குதா?"
"பொறுக்கும்க்கா."
"சத்தியமா?"
"சத்தியமா."
"அப்பச் சரி. என் எடத்துல எம்மக பாண்டிச்செல்விய வரச் சொல்லியிருக்காக. நாளைக்கு மொத நாளு."

17 ஆகஸ்ட்
நான் எழுதியதுதான் ஓடுகிறது. சரிபார்த்தேன். ஏற்றிய அன்றே பலமுறை சரிபார்த்தேன். இருந்தும் காலையிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை.