பூட்டு இல்லாத படம்

புனே

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

கர்த்தர் காக்கிறார், நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வீக்கம் வற்றியதா? போனில் பேசினால் குரலை வைத்தே என் மனதைக் கண்டுபிடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

பெட்டியும் கோடுமாகப் படம் வரைந்தால், அதிலிருந்து புரோகிராமை எழுதித் தரும் மென்பொருள் உண்டல்லவா? நானாகப் படித்துக் கட்டியது. அதை இணையத்தில் இயங்கும் கிளவுடுக்கு மாற்றிவிட்டார்கள். முன்பு ஒருவர் படத்தைத் திறந்தால் அது பூட்டிக்கொள்ளும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால், என் பெட்டிகளை ஆளுக்கொரு பக்கம் நகர்த்தியிருந்தார்கள்.

"பூட்டை உடைச்சது ஆரு?" என்று கத்தினேன்.

"அண்ணா, இதுல பூட்டே கிடையாது. எல்லாரும் சேந்து வரையதாக்கும்," என்றாள் எங்கள் ஆபீசில் இருக்கும் நம் நெய்யாற்றின்கரை பிரேமகுமாரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஒருவர் வரைந்ததற்கு அவரே பொறுப்பு என்று இன்றும் சொல்வேன். அதனால் பூட்டுள்ள பழைய மென்பொருளை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அதன் கடைசி வாடிக்கையாளரும் இந்த மாதம் புதியதற்கு மாறுகிறார். பிறகு எனக்கு இங்கே வேலையில்லை. புதியதைப் படித்துக்கொண்டால் ஊரில் நம் வீட்டிலிருந்தே வேலை செய்யலாமாம். மாட்டேன் என்றுவிட்டேன்.

"ஆருட்ட தோக்காம இருக்கதுக்கு அங்க தனியா கெடக்குதிய?" என்று சென்ற முறை போனில் நீ கேட்டது காதிலேயே நிற்கிறது.

இங்குள்ள தேங்காய் எண்ணெய்க்கு மணமில்லை. ஒரு குப்பி அனுப்பு. வேண்டாம், இப்போது அனுப்பாதே. நம் ஊர் கொல்லயிலில் மழை நேரத்திலும் நெட் தடையில்லாமல் கிடைக்கிறதா என்று மகன் சஜனிடம் கேள். ஜன்னலோர மேசையில், உன் தையல் மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு கம்ப்யூட்டருக்கு இடம் உண்டா? பார்த்தால் போதும். எதையும் நகர்த்தாதே.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.

உன்
ரெத்தினதாஸ்