குட்டிக்கு வரப்போகும் காய்ச்சல்

மே 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். தலைமை அலுவலக நாற்காலியை எந்தக் கேபிளும் இழுப்பதில்லை. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன்.

நம் பூங்காவின் ரோலர் கோஸ்டர் ரயிலை உச்சிக்கு இழுக்கும் கேபிளைப் பழந்துணியால் சுற்றிப் பிடித்து ஓட விட்டேன். இழை அறுந்த இடத்தில் துணி சிக்கும். பிடித்த இடமெல்லாம் சிக்கியது. உன் மேலாளரிடம் சொன்னேன். சோதனைக்காரர் வருவதற்குள் கேபிள் முழுக்கக் கிரீஸை அப்ப வைத்துவிட்டார். "இப்ப துணிய ஓட்டிப் பாருங்கக்கா, வழுக்கிட்டுப் போகும்" என்று சிரிக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். ரயிலை மறுபடி திறக்கும் நாளுக்குள் புதுக் கேபிள் அனுப்பு.

உன் அக்கா

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எதற்கெடுத்தாலும் பதறுகிறவள். சோதனைக்காரரே சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். விடுமுறைக் கூட்டம் ஓயட்டும், புதுக் கேபிள் வரும். திறப்பு நாளில் நானும் குட்டியும்தான் முதல் பெட்டியில் உட்காரப் போகிறோம், போதுமா? உன் மருமகள் இப்போதே குதிக்கிறாள். கோபத்தில் சாப்பிடாமல் இருந்துவிடாதே.

அன்புத் தம்பி

மே 12

தம்பி,

'அன்புள்ள' போட மனசு வரவில்லை. பெற்ற பிள்ளையை வைத்தா சவால் விடுகிறாய்? சோதனைக்காரர் பார்த்தது கிரீஸை. ரயில் பின்னால் உருளாமல் தடுக்கத் தண்டவாளத்தில் இரும்புப் பல் இருக்கிறது என்பாய். இருக்கிறது. அறுந்த கேபிள் முதல் பெட்டியைத்தான் சாட்டையாக அடிக்கும். அதைத் தடுக்க என்ன இருக்கிறது?

ரயிலைக் கேபிளோடு பிணைக்கும் கொக்கியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சமையலறையில் அடுப்புக்குக் கீழே இருக்கிறது. வேண்டுமென்றால் குட்டியோடு வா. அவள் எதிரில் கேட்டு வாங்கிக்கொள்.

அக்கா

மே 16

பராமரிப்புப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

நிறுவனத்தின் கொக்கியை உடனே ஒப்படைக்கவும். தவறினால் பணிநீக்கமும் திருட்டு வழக்கும் தொடரும். திறப்பு விழா குறித்த நாளில் நடைபெறும்.

தலைமை நிர்வாகி

பி.கு.: அக்கா, குட்டிக்கு அன்று காய்ச்சல். அவள் வரமாட்டாள்.

மே 19

தலைமை நிர்வாகி அவர்களுக்கு,

அடுத்த வாரம் வரப்போகிற காய்ச்சல் உங்களுக்கு இன்றே தெரிந்துவிட்டது. அப்படியென்றால் கேபிளைப் பற்றியும் தெரிந்திருக்கிறது.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நீ உன் பிள்ளையை வீட்டில் படுக்க வைத்துவிட்டு ஊரார் பிள்ளைகளை அதில் ஏற்றப் பார்க்கிறாய். வெட்கமாக இல்லையாடா உனக்கு?

கொக்கி தர மாட்டேன். வழக்கைப் போடு. கொக்கியோடு உன் பின்குறிப்பையும் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
குட்டியின் அத்தை