கலப்பு இரட்டையர்

2025 ஜூன் 17, செவ்வாய்

காலையில் ஒரே மூட்டம். நான் வேலை பார்க்கும் மலைப் பள்ளிக்குப் பின்னாலிருக்கும் சிமெண்ட் தளம் ஈரமாகக் கிடந்ததால் ஆட முடியவில்லை. சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் பயமுறுத்தியதால் ஜனவரியில் டென்னிஸ் மட்டையைத் தொட்டவன் நான். இன்று ஒருநாள் ஆடாததற்கு நாள் முழுக்க எரிச்சல். நாற்பத்திரண்டு வயதில் இது என்ன பைத்தியம்?

என் மனைவி சிவசங்கரியும் இதே பள்ளியில் டீச்சர். கல்லூரியில் படிக்கும்போது பல்கலைக்கழக அணிக்கு ஆடியவள். கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுவிட்டாள். எனக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் மறுபடி மட்டையை எடுத்தாள்.

வேலூரில் ஆகஸ்டில் போட்டி நடக்கிறது, முப்பத்தைந்து வயதுக்கு மேல், கலப்பு இரட்டையர் உண்டு. இருவரும் பெயர் கொடுக்கலாமா என்று கேட்டேன். மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தோத்தா மூஞ்ச தூக்கி வச்சிக்க மாட்டீங்களே?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

எங்கள் பள்ளியில் வரலாறு எடுக்கும் ரமேஷ் இந்த மலைக்காரர். சாமை விதைத்த நிலத்துக்குப் போகிற வழியில் நின்று எங்கள் ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, "சார், டீச்சர் உங்க கூட ஆடறப்ப பாதி பலத்துலதான் அடிக்கிறாங்க. தனியா செவுத்துல அடிக்கிறத பாத்துருக்கீங்களா?" என்றார்.

பார்த்ததில்லை.

ஜூலை 8

பார்த்தேன். கழிப்பறைக் கட்டடத்தின் பின்சுவரில் அடித்துக்கொண்டிருந்தாள். புளியமரத்துக்குப் பின்னால் திருடன் மாதிரி நின்றேன். அந்த முகத்தை நான் வீட்டில் கண்டதில்லை.

ஜூலை 23, புதன்

"முழு பலத்துல அடி" என்றேன்.

"வேணாங்க."

"அடின்றேன்."

அடித்தாள். முதல் சர்வீஸிலேயே என் மட்டை கையில் திருகிக்கொண்டது. மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது. "போதுமா?" என்றாள். போதாது என்றேன். வீம்புதான். வேறென்ன?

அதன்பின் ஒன்று தீர்மானித்தோம். அவள்தான் சொன்னாள்: "நடுவுல வர்ற பந்து எனக்கு. உங்களுக்கு அது பேக்ஹேண்ட், எனக்கு ஃபோர்ஹேண்ட். நான் எடுத்துக்கிறேன், நீங்க வுட்டுடுங்க." சரி என்று தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. வேலூர்

முதல் சுற்றிலேயே தோற்றோம்.

எதிரில் ஆடிய தம்பதிக்குச் சீக்கிரமே விஷயம் புரிந்துவிட்டது. எல்லாப் பந்தும் என்னிடமே வந்தது. சிவசங்கரி வலைக்குப் பக்கத்தில் சும்மா நின்றாள். அப்படியும் இரண்டாவது செட்டை இழுத்துப் பிடித்தோம், அவளால். கடைசி செட்டில், அந்த ஒரு புள்ளியை விட்டால் ஆட்டமே போய்விடும் என்ற நிலை. பந்து நடுவில் வந்தது. அவள் மட்டையை ஓங்கிவிட்டாள். நான் குறுக்கே பாய்ந்து எடுத்து, வலையில் அடித்தேன்.

ஏன் பாய்ந்தேன்? அத்தனை பேர் பார்க்கிறார்கள், ஒரு பந்தாவது நான் ஜெயித்துக்கொடுக்க வேண்டும் என்றிருந்தது.

அவள் திரும்பி நடந்தாள். வெளியே வந்ததும் கிருஷ்ணன் என்ற கிளப் ஆட்டக்காரர் அவளிடம் வெகுநேரம் பேசினார். நான் பைகளை வைத்துக்கொண்டு நின்றேன். திரும்பும் பேருந்தில் போளூர் வரைக்கும் கண்ணை மூடியே வந்தாள். தூக்கமில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 4

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆகஸ்ட் 14, வியாழன்

கிருஷ்ணன் எனக்குப் போன் செய்தார். அடுத்த மாதம் சேலத்தில் பெரிய போட்டியாம். அவரோடு ஜோடியாக ஆடும் பெண்ணுக்குக் கணுக்காலில் அடி. "மேடம் எங்கூட ஆடுவாங்களா சார்? உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு…"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

யாரு போன்ல என்று சமையலறையிலிருந்து கேட்டாள். ஸ்கூல் விஷயம் என்றேன்.

ஆகஸ்ட் 16

இன்றும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுவாள் என்றா பயம்? இல்லை, போனால் ஜெயித்துவிடுவாள் என்றா? சீ. இன்னா மனுசன் நான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பெயர் கொடுக்க நாளைதான் கடைசி என்று கிருஷ்ணனிடமிருந்து செய்தி வந்தது. மாலை ஆட்டம் முடிந்து பந்து பொறுக்கும்போது சொல்லிவிட்டேன்.

"எப்ப போன் வந்துச்சு?"

"வியாழக்கெழம."

பந்துகளைக் கூடையில் போட்டாள். "ஸ்கூல் விஷயம்னீங்களே, அதுவா?"

"ஆமா."

"கூப்புட்டது என்ன. அவரு உங்ககிட்ட கேக்கறாரு. நீங்க என்கிட்டயே மறைக்கிறீங்க." குரல் உயரவேயில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அன்னிக்கு நடுப்பந்த எடுத்தீங்க. பரவால்லன்னு வுட்டேன். இதையும் எடுப்பீங்களா?"

தப்புதான் என்று மட்டும் சொன்னேன்.

அங்கேயே நின்று கிருஷ்ணனை அழைத்தாள். "இல்ல சார், ஜோடி வேணாம். பொம்பளைங்க ஒத்தையர்ல என் பேர எழுதிக்கிங்க." பிறகு என்னைப் பார்க்காமலே, "ஆம்பளைங்கள்ல சதீஸ்குமார்னு ஒரு பேரு. அதுவும் ஒத்தையர்தான்" என்றாள்.

"நான் எதுக்கு?" என்றேன்.

"யாரும் பக்கத்துல இல்லாம ஆடிப் பாருங்க."

ஆகஸ்ட் 29

ஒரே தளத்தில்தான் பயிற்சி. பேச்சு அவ்வளவாக இல்லை. ஆனால் முழு பலத்தோடு அடிக்கிறாள். பத்தில் இரண்டை எடுக்கிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பேருந்தில் எழுதுகிறேன், எழுத்து கோணுகிறது.

நேற்றுக் காலையே நான் வெளியேறிவிட்டேன், 6-2, 6-3. எதிரில் ஆடியவர் சின்ன வயதிலிருந்து ஆடுபவர். தவறவிட்ட பந்தெல்லாம் என்னுடையது, எடுத்த ஐந்து கேமும் என்னுடையது. கை குலுக்கிவிட்டு நேராக வெளியே வந்தேன். வெட்கமாக இல்லை.

சிவசங்கரி இன்று அரையிறுதி வரை போய்த் தோற்றாள். மூன்றாவது செட்டில், கைக்கு எட்டிய ஆட்டம். கம்பி வேலியைப் பிடித்தபடி நான் முழுக்க நின்று பார்த்தேன். வெளியே வந்து தண்ணீர் குடித்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"எங்க வுட்டேன், சொல்லுங்க" என்றாள்.

"அந்தம்மா உன் ரெண்டாவது சர்வீஸுக்காகக் காத்திருந்துச்சி. முன்னாடி வந்து நின்னுது. நீ பாக்கல."

"பாத்தேன்."

"பாக்கல."

ஊத்தங்கரை தாண்டியும் இதே சண்டை. முன்சீட்டில் இருந்தவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். செங்கம் நெருங்குகிறது. பேனாவை மூடச் சொல்கிறாள், இன்னும் பேசி முடிக்கவில்லையாம்.