உனக்கு ஒத்துக்கொள்ளாத ரெசின்

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். வீட்டிலேயே ரெசின் நகை செய்வதற்கான பெட்டியாம், ஆன்லைனில் வரவழைத்திருக்கிறாள். இரண்டு பாட்டில்கள், ரப்பர் அச்சுகள், கூடவே ஒரு ஜோடி கையுறை. மூடியைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. நான் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாளில் உன்னிடமும் என்னிடமும் கையுறை இருந்ததில்லை. வேண்டும் என்று சொல்லவும் ஆளில்லை.

தாம்பரம் சானடோரியத்தில் நாம் அடுத்தடுத்த போர்ஷனில் குடியிருந்த எண்பதுகளின் கடைசி அது. நான் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு ஃபைபர் கம்பெனியில் டைப்பிஸ்ட். டப்பாவில் மிஞ்சிய ரெசினையும், அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்தேன். உடைந்த பக்கெட்டை ஒட்டத்தான். நீ குச்சியால் தொட்டுத் தூக்கிப் பார்த்தாய். "இன்னாடி இது, தேன் மாதிரி இருக்கு! இதுக்குள்ள ஒரு பூவைப் போட்டா அப்படியே நிக்குமா?"

நின்றது. ஆனால் இரண்டே நாளில் பழுப்பாகிப்போனது. ஈரம் துளிகூட இல்லாமல் காய்ந்த பூதான் நிறம் மாறாது என்று அப்படித்தான் தெரிந்துகொண்டோம். உன் பழைய பைபிளின் நடுவில் வேப்பம்பூவும் கொன்றை இதழும் காய்ந்தன. தீர்ந்த மாத்திரை அட்டையின் குழிகள்தான் கம்மலுக்கு அச்சு. ரெசினை வெந்நீரில் வைத்து இளக்குவது நான், கலப்பது நான். பூவை எப்படிச் சாய்த்து வைப்பது, ஜரிகை நூலை எங்கே ஓட விடுவது என்பதெல்லாம் நீ. ஊசிமுனையால் குமிழிகளைக் குத்திவிட்டு, விரலாலேயே ஓரத்தை வழித்துவிடுவாய். மறுநாள் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் கண்ணாடிபோல் மின்னும். உங்கள் சர்ச் சேலில் முதலில் விற்றோம். பிறகு நான் வேலைக்குப் போகும் ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மென்ட் முழுக்க நம் கம்மல் ஆடியது.

முதலில் உன் விரலிடுக்கில் அரிப்பு. சோப்பை மாற்றினாய். பிறகு தோல் வெடித்தது, இமை தடித்தது. தோல் டாக்டர் உன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது உங்களுக்கு ஒத்துக்கலைம்மா. ஒருதடவை வந்துட்டா வந்ததுதான். இனிமே அந்த வாடை இருக்கிற இடத்துலகூட உக்காராதீங்க."

அதே டப்பாவில்தான் என் கையும் கிடந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

நிறுத்திவிடுகிறேன் என்றேன். நீ சண்டைக்கு வந்தாய். "எனக்கு ஆகலைன்னா நீ எதுக்குடி நிறுத்தணும்? பூ நான் காய வெச்சுத் தரேன். நீ ஊத்து." அதற்குப் பிறகு நீ என் வீட்டுக்குள் வரவில்லை. வாசலுக்கு வெளியே நின்று பூவைத் தருவாய்.

அப்புறம் அந்த ஐப்பசி. மாம்பலத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோர்க்காரர் கிறிஸ்துமஸுக்கு நிறைய கேட்டிருந்தார். விடாத மழை. ஊற்றியதெல்லாம் ஈரக்காற்றில் இறுகாமல், வெண்படலம் படர்ந்து பிசுபிசுவென்று நின்றது. நான் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். சத்தம் கேட்டு நீ கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாய். முகத்தில் துண்டு, கையில் மாட்டிய பாலிதீன் கவர்.

"வெளியே போடி, உனக்கு ஆகாது" என்று கத்தினேன்.

"சும்மா இரு. அழுதுக்கினே நீ வெச்சா பூ கோணிக்கும்."

பழைய பிஸ்கட் டின்னுக்குள் பல்பை எரியவிட்டு, அந்தச் சூட்டில் அச்சுகளை அடுக்கச் சொன்னாய். எல்லாவற்றிலும் பூவை நீயே வைத்தாய். கவர் கிழிந்ததை நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். நிறுத்தவில்லை.

மறுநாள் காலை உன் இரண்டு கண்ணும் திறக்கவில்லை. உன் சின்ன மகள் உன்னைக் கையைப் பிடித்துக் குழாயடிக்கு அழைத்துப் போனாள். என் சமையலறையில் கம்மல்கள் ஒரு பழுதில்லாமல் இறுகிக் கிடந்தன. ஸ்டோர்க்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்ல கற்பனைம்மா உங்களுக்கு" என்றார். என் ஃப்ரெண்டோடது சார் என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தார்.

சில நாளில் உன் கண் திறந்துவிட்டது. விரல்நுனிகள்தான் பழையபடி ஆகவில்லை. பூ கட்டினால் நார் அறுக்கிறது என்பாய். தொண்ணூறுகளில் நீங்கள் கூடுவாஞ்சேரியில் வீடு கட்டிக்கொண்டு போனீர்கள். நான் மேலும் பல வருடம் ரெசின் ஊற்றினேன். பெயர் கிடைத்தது, என் பெயர்.

நீ இறந்துபோவதற்கு முந்தைய மாதம் உன்னைப் பார்க்க வந்தேனே, அன்று கேட்டேவிட்டேன். "எல்லாம் என்னாலதானேடி?"

'இல்லை' என்பாய் என்று நினைத்தேன்.

"ஆமா, உன்னாலதான். நீ அந்த டப்பாவைக் கொண்டாரலைன்னா எனக்கு இது வந்திருக்காது. ஆனா என் வாழ்க்கைல நான் சமைக்கிறதைத் தவிர வேற ஏதோ பண்ணினேன்ல, அதுவும் உன்னாலதான். ஒண்ணை மட்டும் எடுத்துக்கினு போவாதே."

சரி என்று தலையாட்டினேன். நீ நம்பவில்லை, உன் முகத்திலேயே தெரிந்தது. இன்றுவரை நீ சொன்னதில் முதலாவதை, அந்தப் பழியைத்தான் சுமக்கிறேன். சில நாள் காலையில் இரண்டாவதையும் தூக்கிப் பார்க்கிறேன். அது இன்னும் கைக்கு வசப்படவில்லை.